வீட்டுக்கு வீடு பாடிய கூத்து

மலேரியாக் காய்ச்சல் ஊரையே படுக்கப்போட்ட வருடம் அது. நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்ற நெல் சேர்க்கலாமென்று, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரான நான் என் ஆட்களை வீட்டுக்கு வீடு பாட அழைத்துப்போனேன். நான் பாடும் அடியைத் திருப்பிப் பாடுகிறவன், நான் பழக்கிய கணபதி.

"அண்ணாவியார், மூணு நாளாக் காய்ச்சல். பாட ஏலாது."

"பசிச்ச சனத்துக்காகப் பாடுறம். சாக்குச் சொல்லாத!" என்று அதட்டினேன்.

வெயிலில் தெருத்தெருவாகப் பாடினான். கடைசி வீட்டில் என் அடிக்குப் பதில் வரவில்லை. ஏசுவதற்காகத் திரும்பினேன், கணபதி மண்ணில் விழுந்து கிடந்தான்.

மறுநாள் இறந்துபோனான். சேர்ந்த நெல்லில் முதல் மரைக்காலை அளந்து அவன் வீட்டுக்கே கொண்டுபோனேன். நான் அதட்டியது அவன் மனைவிக்குத் தெரியாது.

"உங்களுக்குப் பெரிய மனசு, அண்ணாவியார்" என்று கும்பிட்டு வாங்கினாள்.

உண்மையை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.