படித்துவிட்டுப் போடு

செய்தி நம் சிறுபட்டறைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "வரி ஆலோசகர் எல்லம்மாள் மேடம் இன்று காலை மாரடைப்பால் காலமானார். உடல் மணிமங்கலத்தில் அவர் வீட்டில் வைக்கப்பட்டுள்ளது." அதற்கு மேலே யாரோ பழைய லேத் விற்பனைக்கு என்று போட்டிருந்தார்கள். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ஷெட்டில் நின்றபடியே எண்ணினேன். நாற்பத்தொன்று. மாலையில் மணிமங்கலத்துக்கு நம் சங்கத்திலிருந்து வந்தவர்களையும் எண்ணினேன். செயலாளரையும் சேர்த்து ஆறு பேர்.

எனக்கு எதையும் சுலபமாக மறக்கும் பழக்கம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சங்க மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். நானே அச்சடித்து ஒவ்வொரு ஷெட்டுக்கும் கொண்டுவந்து தருகிறேன்.

வல்லம் வடகால் போகும் சாலையில் பஞ்சர் கடைக்கு மேலே இருந்த அவருடைய ஓரறை அலுவலகம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆடிட்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு ஒரு கம்பெனியின் கேட்டில் பல ஆண்டுகள் சரக்குச் சீட்டு எழுதியவர். ஜிஎஸ்டி வந்ததும் தேர்வு எழுதித் தேறி, நம்மைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு மாதக் கணக்கு தாக்கல் செய்ய உட்கார்ந்தார்.

மற்ற அலுவலகங்களில் எப்படி நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கணக்கு பார்ப்பவர் நம் பெயரில் எல்லாவற்றையும் நிரப்புவார். நம் கைபேசிக்கு ஓடிபி வரும். அவர் போன் செய்வார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அந்த ஆறு எண்களையும் கத்திச் சொல்வோம். அதுதான் நம் கையெழுத்து. எல்லம்மாள் மேடம் ஒருநாளும் போனில் ஓடிபி கேட்டதில்லை. நாம் நேரில் போய் அந்த மர பெஞ்சில் காத்திருக்க வேண்டும். நம் முறை வந்ததும் லேப்டாப்பை நம் பக்கம் திருப்பிவிடுவார். விற்றது, வாங்கியது, கட்டவேண்டியது என்று ஒவ்வொரு வரியையும் நாமே படித்துவிட்டு, நம் விரலாலேயே எண்ணைப் போட வேண்டும்.

"மேடம், நான் எம்.இ. படிச்சவன்" என்று ஒருமுறை எரிச்சலோடு சொன்னேன்.

"அப்ப சீக்கிரம் படிச்சிடுவீங்க சார். படிங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்பது இன்றும் நினைவில் இருக்கிறது.

இன்னொரு மாதம், வாடிக்கையாளர் கம்பெனியில் சரக்கு ஆய்வு இருந்த நாளில், இரண்டு மணி நேரம் அந்த பெஞ்சில் காத்திருந்தேன். பிறகு சத்தம் போட்டுவிட்டு என் கோப்புகளைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, "போற எடத்துலயும் படிச்சிட்டுப் போடுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

நான் போன இடம் நம் செயலாளரின் மைத்துனர் தாம்பரத்தில் நடத்திய அலுவலகம். செயலாளர்தான் சிபாரிசு செய்தார். எல்லாம் போனிலேயே முடிந்தது. ஒருநாள் வாடிக்கையாளர் கம்பெனி வாசலில் அடையாள அட்டைக்காக வரிசையில் நின்றபோது அழைத்தார்கள். எண்ணைச் சொன்னேன். அது எதற்கான எண் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருந்தது. நான் எண்ணை மட்டும்தான் பார்த்தேன். ஜிஎஸ்டி பதிவில் இருந்த என் கைபேசி எண்ணை மாற்றுவதற்கான ஓடிபி அது. அதன் பிறகு எனக்கு ஓடிபியும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. தொல்லையே தராத ஆலோசகர் கிடைத்தார் என்று மகிழ்ச்சியாக இருந்தேன்.

வரித்துறை நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. என் பட்டறையிலிருந்து லாரி லாரியாகப் பழைய இரும்பு விற்றதாக, நான் கேள்விப்பட்டே இராத நிறுவனங்களுக்கு என் பெயரில் பில்கள் போயிருந்தன. என் பதிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பதிவு இல்லாமல் பில் போட முடியாது, பில் இல்லாமல் என் வண்டியை எந்தக் கம்பெனி கேட்டும் உள்ளே விடாது. ஷெட்டில் பத்தொன்பது பேர் வேலையில் இருந்தார்கள். பதில் சொல்ல ஏழு நாள்.

செயலாளர் வந்தார். "கமுக்கமா முடிச்சிக்கலாம் சார். கேக்கறத கட்டிட்டு, இந்த கம்பெனிய மூடிட்டு, சம்சாரம் பேர்ல புதுசா ஒண்ணு தொறங்க" என்றார்.

மறுநாள் காலை பஞ்சர் கடை மாடிப்படிகளில் மறுபடி ஏறினேன். எல்லம்மாள் மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். இன்னா, ஓடிபி எங்கனா தொலஞ்சி போச்சா?"

பிறகு என்னை உட்கார வைத்து அந்தப் பில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். அதில் பதினான்கு சக்கர லாரியின் எண் இருந்தது. "இது உங்க ஷெட்டு வாசல்ல நின்னு லோடு ஏத்திச்சாமா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். என் ஷெட்டுக்குப் போக ஒரே வழி, வாய்க்கால் மேல் இருக்கும் அந்தச் சின்னப் பாலம். அதில் குட்டியானை வண்டிதான் போகும். என் மெஷின்களையே பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி, குழாய்களின் மேல் உருட்டித்தான் கொண்டுவந்தோம். மேடம் வெயிலில் குனிந்து, டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்து, சுவரிலிருந்து சுவர் வரை அளந்தார். ஏழடி. அந்த லாரியின் அகலமே எட்டடிக்கு மேல்.

வரித்துறை அலுவலகத்தில், பாலத்தை அளந்தபோது எடுத்த படங்களை மேசைமேல் வைத்து அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "சார், இந்த லாரி அங்க வரணும்னா பறந்துதான் வரணும். எங்க ஊர்ல லாரி பறக்காது." அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

அதற்கு முந்தைய நாள்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. பதில் கடிதத்தில், என் எண்ணை எப்படி மாற்றினார்கள் என்றே தெரியாது என்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். "நீங்கதான சார் சொன்னீங்க? அத எழுதுங்க."

"எழுதினா நான் மாட்டிக்குவேன் மேடம்."

"அவன் பொய் பில்லு போட்டான். நீங்களும் பொய்தான் எழுதப் போறீங்கன்னா எனக்கு எதுக்கு சார் ரெண்டு பேரு? அவன்கிட்டயே போயி எழுதி வாங்கிக்கங்க."

எழுதினேன். என் கைப்படவே எழுதினேன். 'ஓடிபியை நான்தான் படிக்காமல் சொன்னேன்' என்பது அதன் முதல் வரி. செயலாளரின் மைத்துனர் மேல் போலீசில் புகாரும் கொடுத்தேன். சில வாரங்களில் பதிவு திரும்பக் கிடைத்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார். அந்தப் பில்களுக்கான வரியும் அபராதமும் என் தலையில்தானா என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இனி மேடம் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இது நம் செயலாளருக்கும் தெரியும். மணிமங்கலத்தில், உடலை எடுப்பதற்கு முன்பே, என்னைத் தெருவோரம் கூப்பிட்டு மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். "அந்தம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. இன்னும் எதுக்கு சார் பகை? ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம். இல்லன்னா சங்கம் பிரிச்சிக் குடுக்கற அடுத்த கூட்டு ஆர்டர்ல உங்க பேரு இருக்காது."

தாளைப் பிரித்தேன். புகாரைத் திரும்பப் பெறும் கடிதம். சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். 'மேற்படி நபர் செய்த அனைத்தும் என் முழுச் சம்மதத்துடன்' என்ற வரி வந்தபோது பறைக்காரர்களே நிறுத்திவிட்டார்கள்.

"சாவு வூட்ல இன்னா சார் இது?" என்று செயலாளர் என் கையைப் பிடித்தார்.

வாசலில் உட்கார்ந்திருந்த மேடத்தின் கணவர் தலைநிமிர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவர். "வுடுங்க. அவரு படிக்கட்டும்" என்றார்.

கடைசி வரி வரை படித்தேன். கையெழுத்துப் போடாமல் செயலாளரின் சட்டைப்பையிலேயே அதைத் திருப்பி வைத்தேன். அவர் கூட்டு ஆர்டரை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் விசாரணைக்குத் தனியாகத்தான் போகிறேன். பாலத்தை அளந்த டேப் என்னிடமே தங்கிவிட்டது. அதை எடுத்துப் போவேன். என் கைப்பட எழுதிய பதிலின் நகலும் இருக்கிறது. அதன் முதல் வரியை அதிகாரி முன் நானே படிப்பேன்.