தமிழ் மீடியத்துக்கு லீவு இல்லை

என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஜூன் மாதம் பிறந்ததும் வருடம் முழுவதற்குமான விடுமுறைப் பட்டியல் போனில் வந்து விழுந்துவிடுகிறது. கணபதிக்கு இத்தனை நாள், தீபாவளிக்கு இத்தனை, கிறிஸ்துமஸுக்கு இத்தனை என்று கலர் கலராகக் கட்டம் போட்டிருப்பார்கள். முலுண்டில் எங்கள் கட்டடத்து மற்ற அம்மாக்கள் அதைப் பார்த்ததும் எந்த ஊருக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அலுப்புதான் வருகிறது. அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் பிள்ளையை யாரிடம் விடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய நாள், ஆபீஸில் யாரிடமாவது பல்லைக் காட்டி நிற்க வேண்டிய நாள். லீவு என்றதும் துள்ளிக் குதித்த காலம் எனக்கும் இருந்தது. மூன்றாம் வகுப்போடு அது முடிந்துபோயிற்று.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பா ஒரு பேக் பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். சீசனில் வேலை இருக்கும், மற்ற நாட்களில் பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவார். அம்மா தினமும் காலையில் ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்காவுக்குப் போய் மூன்று வீடுகளில் சமைத்துவிட்டு மத்தியானம் திரும்புவாள். வாடகை, ரேஷன், என் பென்சில் வரைக்கும் அந்த மூன்று அடுப்பிலிருந்துதான் வந்தது. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டில் இது யாருக்கும் தெரியாது. பட்டறை அப்பாவுடையது என்றும், அம்மா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்றும் அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையை முதலில் யார் கட்டிவிட்டது என்று எனக்குத் தெரியாது. கட்டிக் காத்தது அம்மாதான். ஊர்க்காரர்கள் நெருக்கமாக இருந்த பக்கம் அவள் வாடகைக்கே போக மாட்டாள்.

ஊருக்குப் போக முடியாததற்கெல்லாம் அவள் சொன்ன காரணம் என் பள்ளிக்கூடம். ஊரில் கோயில் கொடை வரும், பெரியப்பா மகளுக்குச் சடங்கு வரும், யாருக்காவது வளைகாப்பு வரும். அம்மா எஸ்.டி.டி. பூத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைக்குப் பரிச்சை இருக்கே, எப்படி வர?” என்பாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இல்லாத பரிட்சைகளையெல்லாம் எனக்காக அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். ஊரில் நான் கலெக்டருக்குப் படிப்பதாக நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

இந்தப் பொய் ஒட்டியதற்கும் காரணம் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஏப்ரலிலேயே மூடிவிடும், எங்களுக்கு மே பிறந்தால்தான் லீவு. அங்கே ஜூன் ஆரம்பத்தில் பிள்ளைகள் பையைத் தூக்கும்போது எங்களுக்கு ஜூன் பாதி வரைக்கும் லீவு ஓடும். பம்பாய்ப் பள்ளிக்கூடம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஊரில் ஒருவருக்கும் பிடிபட்டதில்லை. அம்மா சொன்னதுதான் அவர்களுக்கு நாட்காட்டி.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த மே மாதத்தில் சித்தியின் கல்யாணம் வந்தது. அம்மாவைப் பெற்றவள் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோயிருந்தாள். ஆகவே கல்யாணப் பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் நிற்க வேண்டியவள் மூத்தவளான அம்மா. போகாமல் இருந்தால் அது வெறும் வராமல் போனதாக இருக்காது, பிறந்த வீட்டு உறவையே அறுத்துக்கொண்டதாக ஆகிவிடும். போனாலோ சமைக்கிற வீடுகள் கைவிட்டுப் போய்விடும். சமையல்காரி ஊருக்குப் போவதென்றால் தன் இடத்தில் ஒரு பத்லியை, அதாவது மாற்று ஆளை, வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மாட்டுங்கா வழக்கம். பத்லியாக வருகிறவளுக்கும் வயிறு இருக்கிறது, பிள்ளை குட்டி இருக்கிறது. அம்மா தன் தாயின் காரியத்துக்குப் போய்ப் பதினாறு முடித்துத் திரும்புவதற்குள் இரண்டு வீடு கைமாறிவிட்டிருந்தது. அதற்கு ஈடாக வேறு வீடு பிடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அந்த மே மாதத்தில் அப்பாவுக்குச் சுத்தமாக வேலை இல்லை.

அம்மா வழக்கம்போல் போனில் பரிட்சையைச் சொல்லிவிட்டாள். வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பூத் வாசலிலேயே நின்றாள். சித்தி அழுதாளோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

நாலைந்து நாளில் மாமா வந்து நின்றார். அம்மாவின் அண்ணன். கையில் தட்டும் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும். நேரில் வந்து கூப்பிட்டால் தங்கை மறுக்க மாட்டாள் என்று அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட்டோடு வந்துவிட்டார். பள்ளிக்கூடம் மூடி அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பா முதலாளி மாதிரி பட்டறைக்குக் கிளம்பிப் போனார், அம்மா எனக்கு யூனிஃபார்மைப் போட்டுவிட்டாள். நான் புரியாமல் முழித்தேன். இறுக்கிச் சடை பின்னும்போது காதோரம் குனிந்து, “பள்ளிக்கூடம் லீவுன்னு மாமாகிட்ட மூச்சு விட்ட, பாத்துக்க” என்றாள். பிறகு சத்தமாக, “அண்ணே, இவளக் கொண்டு விட்டுட்டு அப்படியே காய் வாங்கிட்டு, மத்தியானம் கையோட கூட்டிட்டு வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் பள்ளிக்கூடம் காலை ஷிப்ட். அவள் வேலைக்கும் அதே நேரம். பொய் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சந்தில் எல்லாப் பிள்ளைகளும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, நான் மட்டும் பை மாட்டிக்கொண்டு போனேன். “ஏ பாகல், ஸ்கூல் பந்த் ஹை!” என்று பக்கத்து வீட்டுப் பையன், ஸ்கூல் மூடிக்கிடக்கிறது பைத்தியமே என்று இந்தியில் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான்.

மாட்டுங்காவில் முதல் வீட்டு மாமி கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “என்னடி இது, மே மாசத்துல யூனிஃபார்மோட வந்து நிக்கறா?” என்றாள். “இதுதான் இவகிட்ட இருக்குற நல்ல துணி மாமி” என்று அம்மா சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போனாள். நான் சமையலறைக் கதவோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு மாற மாற என் மூலையும் மாறியது. மே மாதப் புழுக்கத்தில், அடுப்புப் பக்கத்தில், கழுத்துப் பொத்தானைக்கூட அவிழ்க்கவிடாமல் அம்மா என்னை மத்தியானம் வரைக்கும் மாணவியாகவே வைத்திருந்தாள்.

திரும்பி வந்தால் மாமா சந்தில் நின்று கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தப் பிள்ளையெல்லாம் காலையிலேர்ந்து ஆடுதே, இதுகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையாட்டி?” என்று கேட்டார். அம்மா சற்றும் தடுமாறவில்லை. “அதெல்லாம் இந்தி மீடியம் அண்ணே. அந்தா நிக்கானே, அவன் உருது மீடியம். நமக்குத் தமிழ் மீடியம். அவங்களுக்கு லீவு விட்டாச்சு, நமக்கு இன்னும் விடல” என்றாள். அது அப்படியே நம்பும்படி இருந்தது. எங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஒரே கட்டடத்துக்குள் மாடிக்கு ஒரு மொழி இருந்தது. ரம்ஜான் மாதத்தில் உருதுக்காரர்களுக்கு மட்டும் நேரம் மாறும், அவர்கள் படியிறங்கிப் போவதை நாங்கள் ஏக்கத்தோடு பார்ப்போம். அப்படியிருக்க லீவும் மாடிக்கு மாடி மாறும் என்றால் வெளியூர்க்காரர் என்ன கண்டார்? மாமா தலையை ஆட்டிக்கொண்டார். தமிழுக்கு எங்கே போனாலும் கஷ்டம்தான் என்று நினைத்திருப்பார்.

மூன்றாம் நாள் சாயங்கால வண்டிக்கு டிக்கெட். அன்று காலையில் நாங்கள் கிளம்பும் முன்பே மாமா வேட்டி சட்டை மாற்றித் தலைவாரி நின்றுகொண்டிருந்தார். “இன்னைக்கு நான் கொண்டு விடுதேன். எட்மாஸ்டர்கிட்ட நானே ஒரு வார்த்த கேக்கேன். கல்யாணம்னா விடாமயா போயிருவாவ?” என்றார்.  ஹெட்மாஸ்டர் சீக்கிரம் வர மாட்டார் என்றாள் அம்மா, வெளியாட்களைப் பார்க்க மாட்டார் என்றாள், உங்களுக்கு வழி தெரியாது என்றாள். “பிள்ளைக்குத் தெரியும்லா” என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

 நான் மாமாவை வேண்டுமென்றே சுற்று வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். எவ்வளவு சுற்றினாலும் பள்ளிக்கூடம் ஒரு கட்டத்தில் வந்துதானே தீரும். வந்தது. இரும்புக் கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. உள்ளே யாரோ மாடிக் கைப்பிடியில் பாயைக் காயப் போட்டிருந்தார்கள். இந்தி, உருது, மராத்தி, தமிழ் என்று எல்லா மாடியிலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மாமா பூட்டைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“தெனமும் அம்மா ஒன்ன எங்கட்டி கூட்டிட்டுப் போறா?”

பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லக் கூடாது என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். இதைச் சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. “மாட்டுங்காவுக்கு. அம்மா மூணு வீட்டுல சமைப்பா. நான் உக்காந்திருப்பேன்” என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். எப்பவுமே என்றேன். ஊருக்கு வந்தால் பத்லி வந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வாள் என்பதையும், எனக்குத் தெரிந்த விஷயம் என்ற பெருமையில், சேர்த்துச் சொன்னேன்.

மாமா எதிரே மூடிக் கிடந்த கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார்.  தள்ளுவண்டிக்காரன் வந்தபோது எனக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். நான் அது சட்டையில் ஒழுகாமல் தின்பதில் மும்முரமாக இருந்தேன். நடுவில் ஒரு தடவை மாமா எழுந்துபோய் கேட்டைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றார். திரும்பி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே இருந்தோம். காலை ஷிப்ட் முடியும் நேரத்துக்குத்தான் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் அம்மா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். மூன்று வீட்டையும் ஓடி ஓடி முடித்திருக்க வேண்டும். ஜாக்கெட் நனைந்திருந்தது, சேலையில் தாளித்த வாசனை வந்தது. எங்கள் அடுப்போ பற்றவே வைக்காமல் கிடந்தது. தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். 

மாமா குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். “எட்மாஸ்டரப் பாத்துட்டுத்தான் வாரேன்” என்றார். “நல்ல மனுசந்தான். ஆனா ரொம்பக் கண்டிப்பு. பரிச்சை முடியாம ஒரு நாளு விட முடியாதுன்னுட்டாவ.”

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். 

“உக்காரச் சொன்னாவளா அண்ணே?” என்று கேட்டாள்.

“சேர் போட்டு உக்காரச் சொன்னாவ. டீ வாங்கித் தந்தாவ. பிள்ள நல்லாப் படிக்கான்னு சொன்னாவ.”

“நீங்க கேட்டுப் பாத்தியளா?”

“கேட்டேன்ட்டி. மூத்தவ வராம எப்படி ஐயா கல்யாணம்னு கேட்டேன். அவருக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. என்ன செய்ய, அவருக்கும் வேற வழி இல்ல.”

“இல்லதான் அண்ணே” என்றாள் அம்மா. “அவருக்கு வேற வழி இல்லதான்.”

“கல்யாண வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். ஒன்னய ஒருத்தரும் ஒரு வார்த்த பேச மாட்டாவ” என்றார் மாமா. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரிசியைக் களைந்தாள், களைந்ததையே திரும்பவும் களைந்தாள். அழுதாள் என்பது எனக்கு முதுகைப் பார்த்தே தெரிந்தது. கல்யாணத்துக்குப் போக முடியாத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு அழுதாள் என்று எனக்குப் புரிய வெகு வருடங்களாயிற்று.

சாயங்காலம் மாமா தனியாக வண்டி ஏறினார். எங்கள் இரண்டு பேர் சீட்டும் ஊர் வரைக்கும் காலியாகப் போயிருக்கும், அல்லது வேறு யாராவது படுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதன் பிறகு அவர் பம்பாய்க்கு வரவில்லை. போன் வந்தால் எப்போது வருவாய் என்றும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பரிச்சை எப்படி என்று மட்டும் கேட்பார்.

எனக்கோ அன்று முதல் ஒரே குழப்பம். பூட்டை நானும்தான் பார்த்தேன். ஆனால் சேர், டீ என்று மாமா அவ்வளவு விவரமாகச் சொன்னார், அம்மாவும் மறுக்காமல் கேட்டுக்கொண்டாள். அம்மா நம்பிய ஒன்றை நான் எப்படி நம்பாமல் இருக்க முடியும்? நான் ஐஸ் தின்றுகொண்டிருந்தபோது மாமா கேட் பக்கம் போனாரே, அப்போதுதான் ஹெட்மாஸ்டர் எங்கிருந்தோ வந்து பேசியிருக்க வேண்டும் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்து, அம்மாவை அழவைத்த ஆள் அவர்தான்.

ஜூன் நடுவில் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. ஹெட்மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையையும் சிரித்த முகமாய் விசாரித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. “என்னம்மா, லீவுக்கு ஊருக்குப் போனியா?” என்று கேட்டுத் தலையில் கை வைத்தார்.

“நீங்கதான சார் விடல” என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். செய்வதையும் செய்துவிட்டு எப்படி நடிக்கிறார் இந்த மனிதர் என்று நினைத்தபடி, அவர் கையை உதறிவிட்டு நான் தமிழ் மீடியத்து மாடிக்குப் படியேறினேன்.