வெட்டி எறிந்த கேள்வி

சென்னையில் ஆவணப்படம் படித்த இரண்டு வருடமும் எங்களுக்கு ஓதப்பட்டது ஒன்றுதான்: எடுப்பவர் படத்தில் தெரியக் கூடாது. கேமரா சுவர் மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு ஆம்பூருக்குத் திரும்பி வந்து, பக்கத்து வீட்டு அக்காவைப் படம் எடுத்தேன். ஷூ கம்பெனியில் தையல் லைனில், வரிசையாகப் போட்ட மெஷின்களில் ஒன்றில், இருபது வருடமாக இருப்பவர். தனக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் யாருக்கும் காட்டக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார். எனக்கோ அந்தப் படம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

என் குரல் வரும் இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் லேப்டாப்பில் ஓடவிட்டேன். தையல் மெஷின் ஓடுகிறது. அடுத்த காட்சியில் அக்கா அழுகிறார். அந்த இடத்தில் எனக்கு ஏகப்பெருமை.

"இன்னா இது?" என்றார். "வேலைய நெனச்சா நான் அழுதேன்? எங்கப்பா செத்தப்போ நான் எங்க இருந்தேன்னு நீ கேட்ட, அதுக்கு அழுதேன். அந்தக் கேள்வி எங்க?"

கேட்பவர் குரல் வரக் கூடாது, அதுதான் முறை என்றேன்.

"முறையாவது மண்ணாவது. காலேஜ் படிக்கிற என் பொண்ணு இதப் பாத்தா, எங்கம்மா இருவது வருஷமா அழுதுனேதான் வேலைக்குப் போச்சுன்னு நெனைக்கும். நான் ஆசையா போற வேலைம்மா அது. வேணாம், இத வெளிய காட்டாத."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவருக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வெட்டிய பகுதியைப் போட்டுக் கேட்டதும் கூசிப்போனேன். டீயை உறிஞ்சிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். என்னை ஒளித்துக்கொண்டு அவர் அழுகையை மட்டும் ஊருக்குக் காட்டப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. என் குரலை, டீ உறிஞ்சிய சத்தத்தோடு, திரும்பச் சேர்த்தேன். "லைன்ல இருந்தேன். போன் வெளிய லாக்கர்ல இருந்துச்சு. வேல முடிஞ்சுதான் சேதியே தெரிஞ்சுது" என்ற அவர் பதிலையும் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவும் பெண்ணுமாகப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் அக்கா, "இது சரி. யாருக்கு வேணா காட்டிக்கோ" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பெண் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா செத்தப்போ நீ லைன்லயா இருந்த? எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா."

"நீ கேட்டாதான சொல்லுவேன்."

அவள் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்போ கேக்குறேன். சொல்லு."