ரைஹானுக்கு எத்தனை ஆடு?

போன வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் மச்சான் வீட்டு முற்றத்தில் இரண்டு கிடாய்கள் நின்றன. அதில் ஒன்று அதிகம். காரணம்? ஒரு பெயர்.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், புருஷன். அவர் மகள் கத்தாரில். பிள்ளை பிறந்ததும் மருமகன் வாட்ஸ்அப்பில் எழுதினான்: “ரைஹான் வந்தாச்சு. தாயும் பிள்ளையும் சுகம்.” அவ்வளவுதான். படம் இல்லை. கண்ணூறு பட்டுவிடுமாம்.

ஆண்பிள்ளைதான் என்று மச்சான் முடிவு கட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்த ரைஹான்கள் எல்லோருக்கும் தாடி இருந்தது. ஏழாம் நாள் பிள்ளையின் பேரில் ஆடு அறுத்து விருந்து வைக்கும் அகீகா இங்கேதான். ஆண்பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண்பிள்ளைக்கு ஒன்று — அதுதான் வழக்கம். சம்மாந்துறைக்குப் போய் இரண்டை ஏற்றி வந்தார். பேரன் என்று ஊருக்கும் சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் மகள் வீடியோ கோலில் வந்தாள். பிள்ளை எங்கே என்று மச்சான் கேட்டார்.

“அவள் நித்திரை, வாப்பா.”

அவளா? மச்சான் திரும்பி ஆடுகளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஆடுகளைப் பார்த்தோம்.

எனக்கு வந்தது கோபம். ரைஹான் என்றால் என்ன? அரபியில் வாசனைச் செடி. பலூடாவில் மிதக்கிறதே, நாங்கள் கசகசா என்று சொல்லும் கறுப்பு விதை... அதைத் தருகிற செடி! ஒரு மனிசப் பிள்ளைக்கு வைக்கிற பேரா இது என்று கேட்டேன். மகள் அசையவில்லை. கமர் என்றால் நிலா, நூர் என்றால் வெளிச்சம், நிலாவுக்கும் செடிக்கும் ஆண் பெண் உண்டா மாமா என்றாள். எந்தப் பிள்ளை வந்தாலும் பொருந்துமாம். கூப்பிட்டால் வாசமாக இருக்குமாம். வாசம்! முற்றத்துக் கிடாய் வாசம் மூக்கைத் துளைத்தது.

நானும் நிறையக் கதைக்க முடியாது. என் பெயர் நஸீம் — இளங்காற்று. பக்கத்து ஒழுங்கையில் நஸீம் டீச்சர் என்று ஒரு பெண் இருக்கிறார். அவருக்கு வரும் கலியாணக் காட் பாதி என் வீட்டுக்குத்தான் வருகிறது.

மச்சான் பாடு திண்டாட்டம். இரண்டையும் அறுத்தால் முறை தெரியாதவன் என்பார்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் பேத்தியைப் பேரன் என்றவன் என்று சிரிப்பார்கள். என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு மெதுவாகக் கதைக்க வராது.

“ஒண்டைத் திருப்பிக் குடுங்க மச்சான்.”

போனை இன்னும் யாரும் வைத்திருக்கவில்லை.

“பேரைக் கேட்டு ரெண்டு வாங்கினீங்க,” என்றாள் மகள். “பொம்புளப் புள்ளையெண்டதும் ஒண்டைக் குறைக்கிறீங்களா வாப்பா?”

மச்சான் எழுந்து போய் இரண்டு ஆட்டுக்கும் தழை போட்டார்.

சனிக்கிழமை இரண்டையும் அறுத்தார்கள். யார் என்ன சொன்னார்களோ தெரியாது. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் அகீகாவுக்கு எத்தனை ஆடு அறுத்தார்கள்? உம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.