கணேசலிங்கத்தின் வடிகால்

இருபதாயிரம். கணேசலிங்கத்தின் கணக்கில் தமிழ் நாகரிகத்துக்கு இந்த வருடம் அதுதான் வயது. 2015இல் ஐயாயிரமாக இருந்தது. பிராங்பேர்ட்டில் ஒருவர் மேடையில் பத்தாயிரம் என்று சொன்னதைக் கேள்விப்பட்ட அடுத்த மாதமே இவர் பன்னிரண்டுக்கு ஏற்றினார். பிறகு இறங்கவே இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஓர் இடத்தில் தரம் பார்ப்பது அவருடைய வேலை. மயிரிழை பிசகினாலும் பாகத்தைக் குப்பையில் போடுவார். பதினையாயிரம் வருடப் பிசகு மட்டும் அவர் கண்ணில் படாது. சிந்துவெளி எழுத்தை உலகத்தில் இன்னும் யாரும் வாசித்து முடிக்கவில்லை, கணேசலிங்கம் வாசித்துவிட்டார்.

இத்தனை இருந்தும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் அவருக்கு எப்போதும் கிடைத்தது நன்றியுரைதான். அது சனம் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பிப் போன பிறகு காலிக் கதிரைகளுக்குச் சொல்லப்படுவது. இந்த வருடம்தான் பள்ளிப் பொறுப்பாளர் சிவானுஜா சிறப்புரையை அவருக்குக் கொடுத்தார். தலைப்பு: உலகின் முதல் நாகரிகங்கள். கணேசலிங்கம் அதற்கென்று புதுக் கோட்டு ஒன்றும் வாங்கினார்.

உரையின் உச்சம் வடிகால். மொகஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு குளியலறை, தெருவுக்குத் தெரு மூடிய கால்வாய். அப்போது இந்த ஜெர்மன்காரர் காட்டுக்குள் திரிந்தார்கள் என்று முடியும். வீட்டுக் கதவில் 'கேர்வோக்க' பலகை தொங்கும் வாரங்களிலும் இதையேதான் சொல்வார். அது தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது அந்த வீட்டின் முறை. காட்டுக்குள் திரிந்தவர்கள் எனக்குத் துடைக்கப் படிப்பிப்பதா என்பது அவர் கேள்வி. துடைப்பது மனைவி சுந்தரேஸ்வரி.

விழாவுக்கு முதல் நாள் மாலை சுந்தரேஸ்வரி வடை சுட்டார். எண்ணெய் ஆறியதும் போத்தலில் ஊற்றிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கணேசலிங்கம் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாய்ப் பகுதிக்கு வந்தபோது கை தாச்சியைத் தூக்கி எண்ணெயை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்தது.

சனி காலை கீழ்வீட்டு ஹேபர்லே அம்மா குளிக்க நின்றபோது தண்ணீர் கீழே போகவில்லை, மேலே வந்தது. அதில் கறிவேப்பிலை மிதந்தது. கட்டடத்தில் கறிவேப்பிலை போட்டுச் சமைக்கும் வீடு ஒன்றுதான். அம்மா கத்தவில்லை. குழாய் ஆள் இரண்டு மணிக்கு வருவார், அதுவரை ஒருவரும் தண்ணீர் திறக்கக் கூடாது, வேலை முடியுமட்டும் உங்கள் வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சிறப்புரை மூன்று மணிக்கு.

கணேசலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே சேலை கட்டியிருந்தார்.

"எண்ணெய் ஊத்தினது நீங்கள். வடை கொண்டுபோறது நான்," என்றார். போயும்விட்டார்.

குழாய் ஆள் வந்தபோது இரண்டே முக்கால். நிலவறையில் குழாயைக் கழற்றி உள்ளே இருந்ததை வாளியில் இழுத்துப் போட்டார். வெள்ளை எண்ணெய்க் கட்டி, அதன் கீழே சோறு, அதன் கீழே மஞ்சள் கட்டி, அதற்கும் கீழே கறுப்பு. புதுக் கோட்டோடு பக்கத்தில் நின்றவரிடம், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதினெட்டு என்றார் கணேசலிங்கம்.

குழாய் ஆள் வாளியைப் பார்த்தார். "தெரியுது," என்றார்.

கணேசலிங்கத்தின் வாழ்க்கையில் ஆதாரத்தோடு நிறுவப்பட்ட ஒரே தொன்மை அதுதான்.

மூன்றேகாலுக்கு சிவானுஜா தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, சனம் பொறுக்குதில்லை. சேஷாத்ரி சேரைப் பேச விடட்டோ?"

வேண்டாம், இதோ வாறன் என்றார் இவர். எத்தனை நிமிடத்தில் என்று சிவானுஜா கேட்டார். குழாய் இன்னும் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"விடுங்கோ," என்றார் கணேசலிங்கம்.

சேஷாத்ரி சென்னையிலிருந்து வந்த பொறியாளர். முதல் நகரங்கள் மெசொப்பொத்தேமியாவில் எழுந்தன என்று சாவகாசமாகச் சொல்லி, எட்டு நிமிடத்தில் முடித்தார். மண்டபம் அதிரக் கைதட்டியது. ஒருவரும் மறுக்கவில்லை. எட்டு நிமிடத்தில் முடிப்பவர் எந்த ஊரை முதல் என்றாலும் அந்த மண்டபம் தட்டும்.

ஐந்தரைக்கு கணேசலிங்கம் வந்து சேர்ந்தார். நன்றியுரை மட்டும் மிச்சம் இருந்தது. காலிக் கதிரைகளுக்கு முன்னால் நின்று, சேஷாத்ரிக்கும் சேர்த்து நன்றி சொன்னார். வடை முடிந்திருந்தது.

திங்கள் முதல் கேர்வோக்க பலகை அவர் கதவில் தொங்குகிறது. இம்முறை துடைப்பது அவர்தான் என்று சுந்தரேஸ்வரி சொல்லிவிட்டார்.