ஏரித் தரையில் நான் நட்ட குச்சிகள்

அப்போது யுத்த காலம், சுதந்திரம் இன்னும் வரவில்லை. அந்தக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வற்றி, ஒரு பக்கம் முழுக்கத் தரையாகிவிட்டது. கரையான்சாவடியிலிருந்து நானும் என் மனைவியின் தம்பியும் வயலுக்கு வண்டல் அள்ள மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு போனோம். எங்களைப் போல இன்னும் பத்து வண்டிகள் வந்திருந்தன.

முதல் நாளே ஓர் ஆள்காட்டிக் குருவி மாட்டின் முகத்துக்கு நேரே பாய்ந்து பாய்ந்து கத்தியது. விரட்டிவிட்டு ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தில் மஞ்சள் கரு! அது வெறும் தரையில் குழி பறித்து, மண் நிறத்திலேயே முட்டையிடும் குருவி. ஐயோ, எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் வெயிலில் அலைந்து ஏழு குழிகளைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடுப்புயரக் குச்சி நட்டு, நுனியில் சுண்ணாம்பு தடவினேன்.

"குச்சி எதுக்கு மாமே? வண்டிங்கள அந்தாண்ட ஓட்டச் சொன்னா போதாதா?" என்றான் மைத்துனன்.

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா கெட!" என்று அவன் வாயை அடைத்தேன். நான் பேச ஆரம்பித்தால் அடுத்தவர் பேச விடமாட்டேன், அப்படி ஒரு குணம். வண்டிக்காரர்கள் எல்லாரும் குச்சியைப் பார்த்து ஒதுங்கியே ஓட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போனபோது குச்சிகளின் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. மரமே இல்லாத அந்தத் தரையில், உட்கார்ந்து கீழே பார்க்க நானே இடம் கொடுத்திருக்கிறேன். ஓடிப் பார்த்தேன். ஏழு குழியிலும் ஒரு முட்டைகூட இல்லை. ஓடுதான் சிதறிக் கிடந்தது.

"வா மாமே, புடுங்கிடலாம்" என்றான் மைத்துனன். இருவருமாகக் குச்சிகளைப் பிடுங்கினோம். வண்டிகளையும் வேறு பக்கம் திருப்பச் சொன்னோம். இனி திருப்பி என்ன?

கடைசிக் குச்சியைப் பிடுங்கும்போது ஒரு தாய்க்குருவி ஏரியில் மிச்சமிருந்த தண்ணீருக்குப் பறந்து போனது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அவை வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். அதுவும் அப்படியே நனைத்துக்கொண்டு வந்து, அந்த வெறுங்குழியில் உட்கார்ந்தது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; யாரையும் கேட்காமல் ஒருவருக்கு நல்லது செய்யக் கிளம்பும்போதெல்லாம், ஈர வயிற்றோடு அது என்னைப் பார்த்த பார்வை என் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.