ஃபிரிட்ஜ் நின்ற இடம்

"சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க. சாஞ்சா அது செத்துடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஃபிரிட்ஜின் அடிப்பாகத்தை முழங்காலால் தாங்கினாள். மேல்பக்கம் புருஷன். இருவருமாகத் தெருவைத் தாண்டித் தையல்காரர் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோனார்கள். தையல்காரர் வேறு ஜனம். அவர் வீட்டை யாரும் பார்க்க வரப்போவதில்லை.

வாசலில் நின்ற நாத்தனார், "ஆதிகுடி ஆகணும்னா ஐஸ் தண்ணிய மறக்கணும் போல, அண்ணி" என்றாள்.

"சிரிடி. உன் டிவி எப்போ கிளம்புது?"

அவளுடைய ஜனம் இந்த மண்ணில் எல்லோருக்கும் முந்தியது. அரசாங்கத்தின் ஆதிகுடிப் பட்டியலில் மட்டும் அதன் பெயர் இல்லை. பட்டியலில் ஏறாவிட்டால் குடியிருக்கும் சரிவு நிலம் அவர்களுடையது இல்லை. காலிசெய்யச் சொல்லி ஒருமுறை ஆள் வந்து போயாயிற்று. போன தடவை விசாரிக்க வந்த அதிகாரி இதே ஃபிரிட்ஜைத்தான் பார்த்தார். இவர்கள் மற்றவர்களோடு கலந்துவிட்டார்கள், தனி இனம் என்று சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். அதைத் தெருவில் யாரும் அவளிடம் குத்திக்காட்டவில்லை. அவளே தன்னைக் குத்திக்கொள்வாள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவது அவள் வேலை. மடித்த போர்வையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி அடுக்குவாள். இப்போதெல்லாம் தட்டுவதற்கு முன் உதடு அசைகிறது. அதிகாரி என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும்.

"போர்வைகிட்ட என்னடி மனு கொடுக்கறே?" என்பாள் பக்கத்து மேஜைக்காரி.

"இதாவது காது கொடுத்துக் கேக்குதே."

தெருவில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். படித்தது எட்டாவது. எந்த அலுவலகத்திலும், நாற்காலி காட்டினாலும் உட்கார மாட்டாள். "உக்காந்தா மறந்துடுவாங்க. நின்னா, இவ எப்போ தொலைவான்னாவது நெனப்பாங்க." வீட்டில் சாப்பிடுவதும் நின்றபடிதான். அப்படி நின்று நின்றே இந்த இரண்டாவது விசாரணையை வாங்கினாள். மூன்றாவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபிரிட்ஜ் போன இடத்தில் தரை சதுரமாக வெளுத்துக் கிடந்தது. தேய்த்தாள். சுற்றியிருந்த தரை பளபளத்ததே தவிர சதுரம் போகவில்லை. பாயை விரித்தாள். மூலையில் எதற்குப் பாய் என்று கேட்டால்? சுருட்டினாள். மறுபடி விரித்தாள்.

வந்தவர் ஓர் அதிகாரியம்மா. வெயிலில் சரிவு ஏறி மூச்சு வாங்கினார். வக்கீலம்மா பாயின்மேல் நின்றுகொண்டாள். முன்னோர், பேச்சு, சாவுச் சடங்கு என்று கேட்டதற்கெல்லாம் போர்வைகளிடம் சொன்ன பதில்கள் வரிசையாக வந்தன. எல்லாம் முடிந்ததும் அதிகாரியம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் ஜில்லுனு தண்ணி கிடைக்குமா?"

தாகமா, சோதனையா? முகத்தைப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"குடத்துத் தண்ணி இருக்கு மேடம்" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

வக்கீலம்மா பாயை விட்டு இறங்கினாள். தெருவைக் கடந்து போனவள், வேர்த்துக் கொட்டும் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"எதிர் வீட்டு ஃபிரிட்ஜா?" என்றார் அதிகாரியம்மா.

"எங்க ஃபிரிட்ஜ்தான் மேடம். நீங்க வர்றீங்கன்னு அங்க ஒளிச்சு வச்சோம். எங்க பெரியவங்க ஆத்துல அள்ளிக் குடிச்சாங்க. இப்போ நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரிச் சாக்கடை அதுல விழுது. பாட்டில்ல குடிச்சா நாங்க வேற ஆளாயிடுவோமா?"

போர்வைகளிடம் சொல்லிப் பார்க்காத பதில். நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரியம்மா பாதி பாட்டிலைக் குடித்தார். ஏதோ எழுதினார், காட்டவில்லை. தபாலில் பதில் வரும் என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்.

மறுநாள் வக்கீலம்மா வேலைக்குப் போய் வந்தாள். தபால் எதுவும் இல்லை. சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாசலில் அது சாய்ந்துவிட்டது. சாய்ந்தால் கொஞ்ச நேரம் சும்மா நிற்கவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்றார் தையல்காரர். எவ்வளவு நேரம் என்று அவருக்கும் தெரியவில்லை. போட்டுத்தான் பார்ப்போமே என்றாள் நாத்தனார். வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.